எட்டு டெராபைட்டும் ஒரு பழைய அலுவலகப் பெட்டியும்: வீட்டு மீடியா சர்வர் தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டு மீடியா சர்வர், அதாவது வீட்டின் வீடியோ, பாட்டு, புகைப்படத்தை ஒரே இடத்தில் வைத்து டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் கணினி, என்றதும் முதலில் வரும் கேள்வி "எந்த பிராசசர் வாங்கலாம்?" என்பதுதான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. சர்வர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை மறுமுனையில் இருக்கும் டிவியும் போனும்தான் தீர்மானிக்கின்றன. அவை எந்தக் கோப்பை அப்படியே ஓட்டும், எதை ஓட்டாது என்று தெரிந்தால் பிராசசர் பெரும்பாலும் மலிவாக முடிந்துவிடும். மிச்சமாகும் பணம் டிஸ்குக்கும் காப்பு நகலுக்கும் போகலாம்.

இதில் வரும் வீடு ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் வீடு அல்ல. தமிழ்நாட்டு வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் தேவைகளை ஒன்றுசேர்த்து அமைத்தது.

வீடும் கையிருப்பும்

கோயம்புத்தூரில் ஒரு மாடி வீடு. கீழே 55 அங்குல 4கே டிவி. மேலே பழைய முழு எச்டி டிவி. ஸ்மார்ட் என்பது பெயருக்குத்தான். இரண்டு ஆண்ட்ராய்டு போன், ஒரு லேப்டாப். மகள் சிங்கப்பூரில். ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ், ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகம். ஆனால் வெளியிலிருந்து நேரடியாக அணுகத் தனிப் பொது ஐபி முகவரி இல்லை. மின்தடைக்கு வீட்டு இன்வெர்ட்டர் உண்டு. செலவு வரம்பு 60,000 ரூபாய்.

தரவு நான்கு யுஎஸ்பி டிஸ்குகளிலும் பென்டிரைவ்களிலும் டிவிடிகளிலும் சிதறிக் கிடக்கிறது. கல்யாண, குடும்ப வீடியோ 1.1 டிபி. சொந்தமாக வாங்கிய திரைப்பட டிஸ்குகளின் நகல்கள் 1.3 டிபி. புகைப்படம் 0.5 டிபி, பாட்டு 0.2 டிபி. மொத்தம் 3.1 டிபி. இதில் தொலைந்தால் திரும்பக் கிடைக்காதது கல்யாண வீடியோவும் புகைப்படமும், அதாவது 1.6 டிபி. இந்த எண்ணைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். காப்பு நகல் கணக்கு இதிலிருந்துதான் தொடங்கும்.

முதல் வேலை: கோப்புகளைத் திறந்து பார்ப்பது

கடைக்குப் போகும் முன் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு வகையிலிருந்தும் நான்கைந்து கோப்புகளைத் திறக்க வேண்டும். பார்க்க வேண்டியவை ஐந்து: வீடியோ கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), பிட் ஆழம் (நிறத்தின் நுணுக்கம்), நிற மாதிரி விகிதம் (4:2:0 அல்லது 4:2:2; இரண்டாவதில் நிறத் தகவல் அதிகம்), பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு), இன்டர்லேஸா (ஒற்றை, இரட்டை வரிகள் மாறி மாறி வருவது) புரொகிரசிவா (முழுப் படமாக வருவது). ஆடியோ வகையையும் சப்டைட்டில் எழுத்தா படமா என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளலாம்.

இந்த வீட்டில் கிடைத்தது இது. 2000களின் கல்யாண டிவிடிகள்: எம்பெக்-2, 576 வரி, இன்டர்லேஸ். 2010 வாக்கில் ஹேண்டிகேமில் எடுத்தவை: ஏவிசிஎச்டி, 1080 வரி, இதுவும் இன்டர்லேஸ். சமீபத்திய கல்யாணம்: 4கே, எச்.264, 100 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதிலும் சில துண்டுகள் 10 பிட், 4:2:2. திரைப்பட நகல்களில் 8 பிட் எச்.264 பாதி, 10 பிட் எச்இவிசி (எச்.265) மீதி. பலவற்றில் டிடிஎஸ் என்ற சரவுண்ட் ஆடியோ, பிஜிஎஸ் வகைப் பட சப்டைட்டில்.

சிக்கல் எங்கே வரும் என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடுகிறது, எல்லோரும் பயப்படும் 4கே திரைப்படத்தில் அல்ல. நல்ல 4கே டிவி 10 பிட் எச்இவிசியை அப்படியே ஓட்டிவிடும். சர்வர் கோப்பை எடுத்துக் கொடுத்தால் போதும். ஆனால் 4:2:2 கல்யாணத் துண்டை டிவிக்கும் ஓட்டத் தெரியாது, போனுக்கும் தெரியாது. அது எச்.264 10 பிட் 4:2:2 ஆக இருந்தால் இங்கே பேசப்போகும் இன்டெல் சிப்கள் எதிலும் அதைப் பிரிக்கும் வன்பொருள் கிடையாது. முழு வேலையும் சிபியு தலையில் விழும். படம் திக்கித் திக்கி ஓடும்.

இதற்காகப் பெரிய சர்வர் வாங்குவது வீண் செலவு. அந்தத் துண்டுகளை ஒரு முறை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்றியில் போட்டு, 10 பிட் 4:2:0 எச்இவிசியாகப் பார்வைப் பிரதி ஒன்று எடுத்துவிட வேண்டும். மென்பொருள் என்கோடர், தர அளவு (ஆர்எஃப்) 20 வாக்கில். இரவில் ஓட விட்டால் காலையில் முடிந்திருக்கும். மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. சர்வர் தேடாத 'மூலம்' ஃபோல்டரில் வைக்கலாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும் வேலைக்காக 24 மணி நேரமும் ஓடும் பெட்டியைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

கல்யாண டிவிடிகளை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் எழுதிய டிவிடி-ஆர் தகடுகளின் சாயப் படலம் காலப்போக்கில் கெடும்; முதலில் வாசிக்க மறுப்பது பெரும்பாலும் வெளி விளிம்பு. டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு ஐஎஸ்ஓ பிரதி (தகட்டின் முழு நகல் கோப்பு) எடுப்பது நல்லது: முதல் ஓட்டத்தில் எளிதாக வாசிக்க முடிந்ததை எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். ஒரு டிரைவில் தோற்ற தகடு வேறு டிரைவில் வாசிக்கப்படுவது சகஜம். டிடிரெஸ்க்யூ எழுதிவைக்கும் பதிவுக் கோப்பை வைத்து இரண்டாம் டிரைவில் தொடரலாம். அதன் பிறகு மேக்எம்கேவி என்ற மென்பொருள் மூலம் ஒவ்வொரு பகுதியையும் மறு என்கோடிங் இல்லாமல் எம்கேவி கோப்பாக எடுக்க வேண்டும். டிவிடி ஃபோல்டரை அப்படியே சர்வரில் போட்டால் ஒரு திரையில் ஓடும், இன்னொன்றில் ஓடாது.

எது சர்வரை உழைக்க வைக்கிறது

மூன்று நிலைகள் உண்டு. கோப்பு அப்படியே போவது ஒன்று. உறையை மட்டும் மாற்றி, அதாவது எம்கேவியிலிருந்து வீடியோவை எடுத்து வேறு கன்டெய்னரில் வைத்து அனுப்புவது இரண்டாவது. படத்தையே பிரித்து மறுபடி என்கோட் செய்வது, அதாவது டிரான்ஸ்கோடிங், மூன்றாவது. சர்வரை மூச்சு வாங்க வைப்பது இந்த மூன்றாவது மட்டுமே.

டிடிஎஸ் பற்றிய பயம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ் ஆதரவை நிறுத்தியது. எல்ஜி 2020இல் நிறுத்தி 2023இல் சில மாடல்களில் திருப்பிக் கொடுத்தது. ஆதரவு இல்லாத டிவிக்கு சர்வர் ஆடியோவை மட்டும் மாற்றினால் போதும், வீடியோ தொடப்படாது. எந்தச் சிறு பெட்டியும் இதைச் செய்யும்.

பட சப்டைட்டில் வேறு கதை. பிஜிஎஸ் சப்டைட்டிலைக் காட்டத் தெரியாத டிவியில் அதைத் தேர்ந்தெடுத்தால், சர்வர் எழுத்துகளைப் படத்தின் மேலேயே பதித்து முழுப் படத்தையும் மறுபடி என்கோட் செய்யும். 4கே கோப்பில் "நேற்று நன்றாக ஓடியது, இன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்ற புகார் வந்தால், இடையில் யாராவது சப்டைட்டிலைப் போட்டார்களா என்று கேட்க வேண்டும். எஸ்ஆர்டி வகை எழுத்து சப்டைட்டில் கோப்பைப் பக்கத்தில் வைத்தால் பிரச்சினையே எழாது.

மேல்மாடி டிவிக்கு ஒரு 4கே ஆண்ட்ராய்டு டிவி ஸ்டிக் சேர்த்தால், 10 பிட் எச்இவிசி ஓடத் தொடங்கிவிடும். சர்வரில் சில ஆயிரம் கூடுதலாகப் போடுவதைவிட இது நல்ல செலவு. அதோடு, டிவியின் சொந்த மென்பொருளில் செயலி கிடைக்குமா, புதுப்பிப்பு வருமா என்ற கவலையும் போகும்.

ஆகவே இந்த வீட்டில் மறு என்கோடிங் தேவைப்படும் இடங்கள் இரண்டே: சிங்கப்பூருக்குப் போகும் ஓட்டம், பட சப்டைட்டில். ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டம் தாங்கினால் போதும்.

பெட்டி: நான்கு தேர்வுகள்

ராஸ்பெரி பை 5 என்ற கையளவு கணினி முதலில் விழுந்தது. பை 4இல் இருந்த எச்.264 வன்பொருள் என்கோடரை பை 5இல் எடுத்துவிட்டார்கள். எச்இவிசி டிகோடர் மட்டுமே மிச்சம். மறு என்கோடிங் வந்தால் எல்லாம் சிபியுதான். கோப்புப் பகிர்வுக்கு நல்லது, இந்த வேலைக்கு அல்ல.

ஆயத்த நாஸ் பெட்டி, அதாவது வலையில் இணையும் டிஸ்க் பெட்டி, பராமரிப்புக்கு எளிது. ஆனால் மாடல் பெயரை நம்பி வாங்கக் கூடாது. சினாலஜியின் டிஎஸ்923+ விலை கூடிய மாடல். அதில் இருக்கும் ரைசன் ஆர்1600 சிப்பில் கிராபிக்ஸ் பகுதியே கிடையாது, எனவே வன்பொருள் டிரான்ஸ்கோடிங்கும் கிடையாது. அதைவிட மலிவான டிஎஸ்224+இல் செலரான் ஜே4125 இருப்பதால் அதில் உண்டு. மென்பொருளும் நிறுவனத்தின் கையில்: 2024இல் வந்த டிஎஸ்எம் 7.2.2 (சினாலஜியின் இயங்குதளம்) வீடியோ ஸ்டேஷன் என்ற வீடியோ செயலியை நீக்கியது. 2025 மாடல்களில் பிற நிறுவன டிஸ்குகளுக்குப் போட்ட தடையை அதே வருட அக்டோபரில் டிஎஸ்எம் 7.3 தளர்த்தியது. இப்படி விதி மாறிக்கொண்டிருந்தால், ஐந்து வருடக் கணக்கு போடுகிறவருக்கு அது ஒரு செலவுதான்.

மிஞ்சியவை இரண்டு. இன்டெல் என்100 மினி பிசி ஒன்று. எட்டாம் தலைமுறை இன்டெல் போட்ட பழைய அலுவலக டெஸ்க்டாப், எஸ்எஃப்எஃப் என்ற குறுகிய வடிவம், இன்னொன்று.

என்100 2023இல் வந்தது. நான்கு கோர், 6 வாட். ஏவி1 என்ற புதிய கோடெக்குக்கு டிகோடிங் உண்டு, எச்இவிசி 4:2:2 டிகோடிங்கும் உண்டு. எட்டாம் தலைமுறையின் யுஎச்டி 630 கிராபிக்ஸில் இரண்டும் கிடையாது; 10 பிட் எச்இவிசி 4:2:0 வரை நன்றாகச் செய்யும். மீடியா வேலைக்கு மட்டும் பார்த்தால் என்100தான் மேல். ஆனால் அந்த மினி பெட்டிகளில் 3.5 அங்குல டிஸ்க் நுழையாது. யுஎஸ்பி உறையில்தான் தொங்க வேண்டும்.

யுஎஸ்பி டிஸ்கை 24 மணி நேரமும் ஓட விடும்போது வரும் தொல்லைகளுக்குப் பட்டியல் உண்டு. உறையில் உள்ள சில பிரிட்ஜ் சிப்கள் லினக்ஸின் யுஏஎஸ் (வேகமான யுஎஸ்பி டிஸ்க்) முறையில் சுமை ஏறும்போது தொடர்பை அறுத்துக்கொள்ளும். டிஸ்க் வேறு பெயரில் திரும்பி வரும். சர்வர் காலி ஃபோல்டரைப் பார்த்து, நூலகத்தில் இருந்த படங்களையெல்லாம் காணவில்லை என்று நீக்கிவிடவும் கூடும். சில உறைகள் ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் உடல்நிலை பற்றிச் சொல்வது) கொடுக்காது. தனி 12 வோல்ட் அடாப்டர், தளர்ந்த பின், பூனை தட்டிவிட்ட கேபிள் எல்லாம் இதோடு சேரும். யுஎஸ்பி 3 கேபிள் அருகே இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரைச்சல் ஏறுவதும் உண்மை.

எஸ்எஃப்எஃப் பெட்டியில் டிஸ்க் உள்ளேயே, நேரடி சாட்டாவில், ஒரே பவர் சப்ளையில். இந்த வீட்டின் தொகுப்பில் ஏவி1 இல்லை. 4:2:2 துண்டுகளை ஏற்கெனவே மாற்றியாயிற்று. ஆகவே தேர்வு: இரண்டு 3.5 அங்குல டிஸ்குக்கு இடமுள்ள எஸ்எஃப்எஃப், ஐ5-8500, 2×8 ஜிபி டிடிஆர்4, 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. ஐ3-8100 மலிவாகக் கிடைத்தால் அதுவும் சரி. அதிலும் அதே யுஎச்டி 630தான் இருக்கிறது, டிரான்ஸ்கோடிங் வேலை அங்கேதான் நடக்கிறது. பெயரில் எஃப் என்று முடியும் சிப்கள், உதாரணத்துக்கு ஐ5-9400எஃப், கிராபிக்ஸ் இல்லாதவை, ஒதுக்க வேண்டும். மெமரியை ஒற்றை 16 ஜிபி குச்சியாகப் போடாமல் இரண்டு குச்சியாகப் போடுவது, உள்ளமைந்த கிராபிக்ஸ் மெமரி அலைவரிசையைத்தான் நம்பியிருப்பதால்.

மின் செலவைக் காட்டி என்100ஐ வாதிடுவார்கள். கணக்கு இதோ. எஸ்எஃப்எஃப் இரண்டு டிஸ்கோடு சும்மா இருக்கும்போது சுமார் 28 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட். என்100 அதே டிஸ்குகளோடு சுமார் 20 வாட், 29 யூனிட். வித்தியாசம் 11 யூனிட். 2024 ஜூலை கட்டண அட்டவணையில் 501–600 அடுக்கின் விலை 8.40 ரூபாய், அப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதத்துக்கு நூறு ரூபாய்க்குள். பழைய கேமிங் பிசியை 70 வாட்டில் ஓட விட்டால் 100 யூனிட். அங்கேதான் பர்ஸ் கடிக்கும். இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும்: அந்த அட்டவணைப்படி 500 யூனிட்டைத் தாண்டினால் 101–200 அடுக்கு 2.35 ரூபாயிலிருந்து 4.70க்கு மாறுகிறது. 480 யூனிட்டில் நிற்கும் வீடு 40 யூனிட் கூட்டி 520க்குப் போனால் பில் 1,679இலிருந்து 2,208 ஆகும். 300 யூனிட் வீட்டுக்கு இதே 40 யூனிட் 188 ரூபாய்தான்.

பழைய பெட்டி வாங்கும்போது கடையிலேயே பார்க்க வேண்டியவை: பயாஸ் கடவுச்சொல் போட்டிருக்கிறதா, திருட்டுத் தடுப்புப் பூட்டு செயலில் இருக்கிறதா, சாட்டா டேட்டா, பவர் கேபிள்கள் இரண்டு டிஸ்குக்கும் இருக்கின்றனவா. கடைசியது முக்கியம். டெல், எச்பி எஸ்எஃப்எஃப் பெட்டிகளில் டிஸ்குக்கான மின்சாரம் மதர்போர்டிலிருந்து அந்த நிறுவனத்துக்கே உரிய கேபிளில் வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினாலும் உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பவர் சப்ளையும் சாதாரண ஏடிஎக்ஸ் அல்ல. இணைப்பு போதவில்லை என்று வார்ப்பு பிளாஸ்டிக் மோலெக்ஸ்-சாட்டா மாற்றியைப் போடக் கூடாது. உள்ளே கம்பிகள் நெருங்கி உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் பிரபலம். வீட்டுக்கு வந்ததும் சிஆர்2032 பேட்டரியையும் சிபியு பசையையும் மாற்றி, பயாஸில் 'மின்சாரம் திரும்பினால் தானே இயங்கு' என்பதைப் போட்டுவிட வேண்டும்.

டிஸ்க்

இன்று 3.1 டிபி. வருடத்துக்கு 0.6 டிபி கூடினால் ஐந்து வருடத்தில் 6.1 டிபி. 8 டிபி டிஸ்கில் முக்கால் பங்கு. ஆகவே 8 டிபி, இரண்டு. செலவு வரம்பில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது, போக வேண்டியதும் இங்கேதான்.

டிஸ்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என இரண்டு பதிவு முறை உண்டு; வேண்டியது சிஎம்ஆர். பெட்டியின் மேல் அது பெரும்பாலும் எழுதியிருக்காது. தரவுத்தாளைப் பார்க்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றை மாற்றினால் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். பெரிய நகலெடுப்பில் சில நூறு ஜிபிக்குப் பிறகு வேகம் தடாலென விழும். டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) தன் 2 முதல் 6 டிபி வரையிலான ரெட் டிஸ்குகளில் இதைச் சொல்லாமல் புகுத்தியது 2020இல் வெளிவந்தது; அதன் பிறகுதான் சிஎம்ஆர் வரிசைக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வந்தது. 8 டிபியில் ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்உல்ஃப், தோஷிபா என்300 மூன்றும் சிஎம்ஆர். சீகேட் பாரகுடா 8 டிபி எஸ்எம்ஆர்.

டிஸ்க் வந்ததும் உடனே தரவை ஏற்றக் கூடாது. வரிசை எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரன்டி உண்டா என்று பார்க்க வேண்டும். 2025 தொடக்கத்தில், பயன்படுத்திய சீகேட் டிஸ்குகளின் ஓட்ட நேரத்தைப் பூஜ்யமாக்கிப் புதியதாக விற்றது ஜெர்மனியில் வெளிப்பட்டது. சாதாரண ஸ்மார்ட் எண் பூஜ்யம் காட்டினாலும் ஃபார்ம் என்ற உள்பதிவு உண்மையைச் சொல்லும். ஸ்மார்ட்சிடிஎல் கருவி அதைப் படிக்கும். அடுத்து பேட்பிளாக்ஸ் என்ற கருவியில் எழுதும் சோதனை. பிளாக் அளவை 4096 என்று கொடுக்காவிட்டால் 8 டிபியில் எண்ணிக்கை 32 பிட்டைத் தாண்டி, கருவி ஓடவே மறுக்கும். நான்கு வடிவங்களை எழுதி வாசிப்பதால் நான்கைந்து நாள் ஆகும். முடிந்ததும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 எண் வரிசைகள் (கெட்ட பகுதிகளின் எண்ணிக்கை) பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 (தரவுப் பரிமாற்றப் பிழை) மட்டும் ஏறினால் டிஸ்கைக் குறை சொல்லாமல் கேபிளை மாற்றலாம்.

கோப்பு முறைமை லினக்ஸின் எக்ஸ்ட்4. உருவாக்கும்போது நிர்வாகிக்கென 5 விழுக்காட்டை அது ஒதுக்கிவைக்கும்; 8 டிபியில் அது 400 ஜிபி. தரவு டிஸ்குக்கு அதைப் பூஜ்யமாக்கலாம்.

ரெய்டு ஏன் இல்லை

இரண்டு டிஸ்க் என்றதும் ரெய்டு-1 என்பார்கள், அதாவது ஒரே தரவை இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவது. ஒரு டிஸ்க் செத்தாலும் படம் நிற்காது, உண்மைதான். ஆனால் யாராவது தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். வீட்டில் ஒரு நாள் படம் பார்க்க முடியாமல் போவது நஷ்டமல்ல. கல்யாண வீடியோ போவதுதான் நஷ்டம். எனவே முதல் டிஸ்க் தரவு. இரண்டாவது டிஸ்கில் தினமும் அதிகாலை ஆர்சிங்க் கருவியால் நகல், மாறாத கோப்புகளுக்கு ஹார்ட் லிங்க் (கூடுதல் இடம் பிடிக்காத இன்னொரு பெயர்) போட்டு 14 நாள் பதிப்புகள். மீட்க முடியாத 1.6 டிபி மட்டும் கையிருப்பில் இருக்கும் 2 டிபி யுஎஸ்பி டிஸ்கில் மாதம் ஒருமுறை. அந்த டிஸ்க் வேறு வீட்டில் இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குழி உண்டு. தரவு டிஸ்க் ஒரு நாள் மவுன்ட் ஆகவில்லை, அதாவது தன் ஃபோல்டரில் இணையவில்லை, என்று வையுங்கள். அந்த இடத்தில் காலி ஃபோல்டர் மட்டும் இருக்கும். 'மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கு' என்ற ஏவலோடு ஓடும் ஆர்சிங்க் அன்றிரவு காலி நகல் ஒன்றை எடுக்கும். பதிப்புகள் இல்லாத வெறும் நகலாக இருந்தால் எல்லாமே போய்விடும். தடுப்பது எளிது: தரவு டிஸ்கின் வேரில் ஒரு அடையாளக் கோப்பு, ஸ்கிரிப்ட் அதைப் பார்க்காவிட்டால் நின்றுவிட வேண்டும். மவுன்ட் ஆகும் காலி ஃபோல்டரை, டிஸ்க் ஏறும் முன்பே, மாற்ற முடியாதது என்று பூட்டிவிட்டால் வேறு மென்பொருள்கள் அதில் எழுதி எஸ்எஸ்டியை நிரப்புவதும் நிற்கும். எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்ஸ்டாப் கோப்பில் டிஸ்கைப் பெயரால் அல்ல, அதன் மாறாத அடையாள எண்ணான யுயுஐடியால் குறிக்க வேண்டும்.

மென்பொருள்

இயங்குதளம் டெபியன் 13 என்ற லினக்ஸ், மேலே ஒவ்வொரு மென்பொருளையும் தனிக் கன்டெய்னரில் (வீடியோ உறை அல்ல, மென்பொருள் பொதி) ஓட்டும் டாக்கர். உலாவி வழியாகவே எல்லாம் நடக்க வேண்டும் என்பவருக்கு ஓபன்மீடியாவால்ட், அதுவும் டெபியன்தான். ட்ரூநாஸ் நல்ல மென்பொருள், ஆனால் இரண்டு டிஸ்க் வீட்டுக்குப் பெரிது.

மீடியா சர்வர் ஜெல்லிஃபின். எம்பி (Emby) என்ற சர்வர் மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்தது. வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்குக் கட்டணம் இல்லை. எம்பியிலும், பிளெக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளிலும் கட்டணம் உண்டு. பிளெக்ஸ் 2025 ஏப்ரல் 29 முதல் வெளியிலிருந்து வீடியோ பார்ப்பதையும் கட்டணச் சேவையாக்கி, வாழ்நாள் சந்தாவை 119.99 டாலரிலிருந்து 249.99க்கு உயர்த்தியது. டிவி செயலிகளின் மெருகில் பிளெக்ஸ் இன்னும் ஒரு படி மேல்தான். வயதானவர்கள் தனியாக ரிமோட்டைப் பிடிக்கும் வீட்டில் அது சின்ன விஷயமல்ல. சிங்கப்பூர் மகளுக்காகவே பாதி தேவை என்பதால் இங்கே ஜெல்லிஃபின். புகைப்படத்தை அதில் போடாமல் இம்மிச் என்ற தனி மென்பொருளுக்குக் கொடுப்பது மேல். போனிலிருந்து தானே ஏற்றிக்கொள்ளும்.

நிறுவும்போது பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் கிராபிக்ஸ் அனுமதி. கன்டெய்னருக்குள் கிராபிக்ஸைக் குறிக்கும் ரெண்டர்-டி128 சாதனக் கோப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. கன்டெய்னர் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அவரை, வெளிக் கணினியின் 'ரெண்டர்' குழு எண்ணைக் கொடுத்து அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் படம் தொடங்கிய நொடியில் பிழை வரும். சரியாக இருக்கிறதா என்று இன்டெல் ஜிபியு டாப் கருவியில் பார்க்கலாம்: மறு என்கோடிங் ஓடும்போது வீடியோ வரிசையில் எண் ஏற வேண்டும். என்100 வாங்கியவர்கள் கூடுதலாக லோ-பவர் என்கோடிங் அமைப்பைப் போட வேண்டும். அந்தச் சிப்பில் வேறு என்கோடிங் வழி கிடையாது.

டோன் மேப்பிங்கையும் (கூடுதல் ஒளி வீச்சுள்ள எச்டிஆர் படத்தைச் சாதாரணத் திரைக்கு ஏற்ப மாற்றுவது) இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எச்டிஆர் படம் சாதாரணத் திரையில் சாம்பல் பூத்து வரும். இன்டர்லேஸ் வீடியோவின் வரிகளை முழுப் படமாக்க பிடபிள்யூடிஃப் முறை. தரவுத்தளமும் தற்காலிகக் கோப்புகளும் என்விஎம்இயில். கன்டெய்னர் பதிப்பை 'லேட்டஸ்ட்' என்று விடாமல் எண் குறிப்பிட்டுப் பூட்ட வேண்டும்: 2025 அக்டோபரில் வந்த ஜெல்லிஃபின் 10.11 தரவுத்தள அமைப்பையே மாற்றியது; பழைய பதிப்புக்குத் திரும்ப, முன்பே எடுத்த அமைப்பு ஃபோல்டரின் நகல் ஒன்றே வழி.

தமிழ்ப் பெயர்கள் செய்யும் வேலை

விண்டோஸ் டிஸ்கிலிருந்து நகலெடுக்கும்போது சில கோப்புகள் 'பெயர் நீளம்' என்று மறுக்கப்படும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் பெயரில் 255 குறியெண்களை (யூனிகோட் எண்களை) ஏற்கும். எக்ஸ்ட்4 ஏற்பது 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட், புள்ளியும் துணைக்காலும் தனித்தனி. 'கல்யாணம்' என்ற ஒரு சொல்லே 24 பைட். ஆக 85 குறியெண்களோடு பெயர் முடிந்துவிடும். சினாலஜியின் குறியாக்கப் பகிர்வு ஃபோல்டரில் எல்லை இன்னும் குறுகல், 143 பைட்.

பழைய மேக்கிலிருந்து வந்த கோப்புகளில் இன்னொரு விநோதம்: 'கொலு' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒற்றைக் குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு இரண்டும் வேறு கோப்பு. நகலில் எல்லாம் இரட்டிப்பாகத் தெரிந்தால் காரணம் இதுதான். கன்வ்எம்வி கருவியில் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடலாம்.

தமிழ் சப்டைட்டில் கோப்பு யுடிஎஃப்-8இல் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் இருந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பதித்து அனுப்பும்போது கட்டம் கட்டமாக வந்தால், மாற்று எழுத்துரு ஃபோல்டரில் நோட்டோ சான்ஸ் தமிழைப் போட வேண்டும். திரைப்பட ஃபோல்டருக்குப் பெயரோடு ஆண்டும் வேண்டும். ஒரே பெயரில் பல தமிழ்ப் படங்கள் உண்டு. குடும்ப வீடியோவுக்குத் 'திரைப்படம்' வகை நூலகம் கூடாது, 'வீட்டு வீடியோ' வகை வேண்டும். இல்லையென்றால் தாத்தாவின் மணிவிழாவுக்கு ஏதோ ஒரு சினிமா போஸ்டர் ஒட்டிக்கொள்ளும்.

கம்பியும் வெளியூரும் மின்சாரமும்

100 எம்பிபிஎஸ் கல்யாண வீடியோ டிவியில் திணறினால் சர்வரைத் திட்டுவதற்கு முன் டிவியின் லேன் துளையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான டிவிகளில் அது 100 எம்பிபிஎஸ்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைவிட வேகம். சர்வர் பக்கம் 1000க்குப் பதில் 100 என்று காட்டினால் கேபிளில் எட்டு கம்பிக்குப் பதில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்திருப்பார்கள்.

பொது ஐபி இல்லாததால் போர்ட் திறக்க வழியில்லை; அதுவும் நல்லதுக்குத்தான். டெயில்ஸ்கேல் என்ற தனி வலை (விபிஎன்) மென்பொருளைச் சர்வரிலும் மகளின் ஆண்ட்ராய்டு டிவியிலும் போட்டால் போதும். இணைப்பு நேரடியா, ரிலே வழியா என்று அதன் நிலைப் பட்டியலில் பார்க்க வேண்டும். ரிலே (இடைச் சர்வர்) என்றால் வேகம் குறையும், இருபக்கமும் ஐபிவி6 இயங்கினால் பெரும்பாலும் நேரடியாகிவிடும். ஜெல்லிஃபினில் இணைய பிட்ரேட் வரம்பை 8 எம்பிபிஎஸ் என்று வைக்கலாம். டெயில்ஸ்கேல் முகவரிகளை உள்ளூர் வலைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அந்த வரம்பு பொருந்தாது.

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலை இருந்தால் அதில் வைக்க வேண்டும். சாதாரண நிலையில் மாறும் இடைவெளி நீளம், பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். பேட்டரி காலியாகும் நேரத்தை சர்வருக்குச் சொல்ல இன்வெர்ட்டரால் முடியாது. அதனால் யுஎஸ்பி தரவு முனையுள்ள சிறு யுபிஎஸ் ஒன்றும் அதன் தகவலைப் படிக்கும் நட் மென்பொருளும் தேவை. 600 விஏ மலிவு மாடல்கள் பலவற்றில் அந்த முனை இருக்காது, பார்த்து வாங்க வேண்டும். பெட்டியை மூடிய டிவி அலமாரியில் வைக்கக் கூடாது. மே மாதத்தில் டிஸ்க் வெப்பம் 50 டிகிரிக்குள் நிற்கிறதா என்று ஸ்மார்ட்டில் பார்க்கலாம்.

ஒப்படைக்கும் முன்

ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு வகைக் கோப்பிலும் ஒன்றை ஓட்டி, ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் 'நேரடி ஓட்டம்' என்று வருகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை; வராவிட்டால் காரணமும் அங்கேயே எழுதியிருக்கும். பட சப்டைட்டிலோடு ஒரு 4கே கோப்பும், மொபைல் இணைய வழியில் ஒரு கல்யாண வீடியோவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கினால் சர்வர் தானே அணைந்து, மின்சாரம் வந்ததும் தானே எழ வேண்டும். தரவு டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு நகல் ஸ்கிரிப்டை ஓட்டினால் அது மறுத்து நிற்க வேண்டும். கடைசியாக, நகலிலிருந்து 50 ஜிபி ஃபோல்டர் ஒன்றை வேறிடத்தில் மீட்டு, லேப்டாப்பில் திறந்து பார்க்க வேண்டும்.

இந்தப் பெட்டியை மாற்ற வேண்டிய நேரம் இரண்டு காரணங்களில் ஒன்றால் வரும். தொகுப்பில் ஏவி1 கோப்புகள் சேர்ந்து, அவற்றை வெளியூருக்கு மறு என்கோட் செய்ய வேண்டிவந்தால் ஏவி1 டிகோடர் உள்ள சிப் தேவை. டிஸ்க் 85 விழுக்காட்டைத் தொட்டால் இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்க வேண்டும். தரவு டிஸ்கை மட்டும் பெரிதாக்கினால் நகல் டிஸ்கில் இடம் போதாமல் அன்றாட நகலெடுப்பு நின்றுபோகும், மின்னஞ்சல் எச்சரிக்கை போடாத வீட்டில் அது யாருக்கும் தெரியாது.